அஞ்சற்காரரும் துப்புரவுத் தொழிலாளரும்: லீ குவான் இயூவின் நினைவு நூல்களில் இரு வேலைநிறுத்தங்கள்

தனியார் தொழிற்கூடமொன்றில் வேலைநிறுத்தம் நிகழும்போது களத்தில் நிற்பவர் இருவரே. ஒருபுறம் முதலாளி, மறுபுறம் தொழிலாளி. நட்டம் யாருக்கு, ஆதாயம் யாருக்கு என்பதில் ஐயம் எழுவதில்லை. அரசுப் பணியாளர் வேலையை நிறுத்தும்போது நிலை அவ்வாறன்று. அங்கே மூன்றாமவர் ஒருவர் நடுவே கொண்டுவந்து நிறுத்தப்படுகிறார். அவருக்குப் 'பொதுமக்கள்' என்று பெயர். கடிதம் கிடைக்காதவரும், தொடர்வண்டிக்குக் காத்திருப்பவரும், வாசலில் குப்பை குவிந்து கிடப்பதைப் பார்ப்பவரும் அவரே. அரசும் அவர் பெயரால் பேசுகிறது; சங்கமும் அவர் பெயரால் பேசுகிறது. ஆயின் அவரே வாய்திறந்து பேசும் தருணங்கள் மிகச் சில. எனவே பொதுத்துறை வேலைநிறுத்தங்களை மக்கள் எவ்வாறு நோக்குகின்றனர் என்ற வினாவை ஆராய முற்படுவோர், அதற்கு முன்பாக 'மக்கள்' என்ற அச்சொல்லை யார் எவ்விடத்தில் எவ்வாறு எழுதினர் என்பதை ஆராய வேண்டியுள்ளது.

இவ்வகை ஆய்வுக்குச் சிங்கப்பூரில் அரிய சான்று ஒன்று உண்டு. 1952இல் அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தத்தில் சங்கத்தின் சட்ட ஆலோசகராக நின்றவரும், 1967இல் நகரத் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முறியடித்த அரசின் தலைமை அமைச்சராக நின்றவரும் ஒருவரே. லீ குவான் இயூ முதல் நிகழ்ச்சியை 1998இல் வெளிவந்த 'தி சிங்கப்பூர் ஸ்டோரி' என்னும் நூலிலும், இரண்டாவதை 2000இல் வெளிவந்த 'ஃப்ரம் தேர்ட் வேர்ல்டு டு ஃபர்ஸ்ட்' என்னும் நூலிலும் எழுதியுள்ளார். களத்தின் இரு கரைகளிலும் நின்று, இரண்டையும் தம் கைப்படப் பதிவு செய்த வேறொரு தலைவரை இவ்வட்டாரத்தில் காண்பது அரிது. இக்கட்டுரை அவ்விரு பகுதிகளையும் அருகருகே வைத்துப் படிக்கிறது. வரலாற்றைத் திருத்தி எழுதுவது இதன் நோக்கமன்று. பனுவல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் கடக்கிறது என்பதே இங்கு நோக்கப்படுகிறது.

சீருடையும் துப்பாக்கியும்

1948 ஜூனில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அதன்பின் தொழிற்சங்கங்களின் குரல் பெரிதும் அடங்கியிருந்தது. அந்த அமைதியைக் கலைத்தது 1952 மே 13ஆம் நாள் தொடங்கிய அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தம். ஊழியர் சில நூறு பேரே; பெரும்பாலோர் மலாய்க்காரரும் இந்தியரும் ஆவர். அவர்களுடைய வழக்கு ஜான் லேகாக் என்பாரின் வழக்கறிஞர் அலுவலகத்திற்கு வந்தது. லேகாக் அதனை இளம் வழக்கறிஞர் லீயிடம் ஒப்படைத்தார். அப்போது அவருக்கு வயது 28. மக்கள் செயல் கட்சி தோன்ற இன்னும் இரண்டரை ஆண்டுகள் இருந்தன.

குடியேற்ற அரசு முதல் நாளிலேயே ஒரு பிழை செய்தது. ஆயுதம் தாங்கிய கூர்க்காக் காவலரை அஞ்சலகத்திற்கு அனுப்பியது. கடிதப் பையைத் தோளில் சுமந்து வீடு வீடாக நடந்த மனிதர் ஒருபுறம். ஆயுதப் படை மறுபுறம். இந்தக் காட்சி செய்த வேலையை எந்த மேடைப் பேச்சும் செய்திருக்க இயலாது. லீயும் இதனை நன்கு உணர்ந்தே எழுதுகிறார். அடுத்து அவர் குறிப்பிடுவது செய்தித்தாள்கள். 'சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட்' இதழில் அப்போது பணியாற்றிய எஸ். ராஜரத்தினம் ஊழியர் பக்கம் நின்று எழுதினார். அவ்விதழ் உள்ளூரார் உடைமை. 'தி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' ஆங்கிலேயர் நலன் சார்ந்தது. இரு இதழ்களும் ஒன்றோடொன்று போட்டியிட்டதால் செய்தி பரவியது. அரசுக்கும் சங்கத்துக்கும் இடையிலான சம்பளக் கணக்கு, ஊரார் பேசும் நியாயமாக மாறியது. ஏறத்தாழ இரு வாரங்களில் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. பின்னர் நடந்த பேச்சுவார்த்தையில் ஊழியர் நற்பலன் பெற்றனர்.

இப்பகுதியைப் படிப்போர்க்கு ஒன்று விளங்கும். நூலின் இவ்விடத்தில் நிகழ்வது ஒரு தொழிற்தகராறின் வரலாறு மட்டுமன்று. கதைத்தலைவன் தன் ஆற்றலைக் கண்டுகொள்ளும் கட்டமும் ஆகும். நீதிமன்றத்தில் நீதிபதியை இணங்கவைக்கும் கலையை அறிந்தவர், ஊர் மன்றத்தில் மக்களை இணங்கவைக்கும் கலையை இங்குதான் பயில்கிறார். இதன்பின் சங்கங்கள் பல அவரை நாடி வந்தன. ஆகவே 'பொதுமக்கள் கருத்து' என்பது அந்நூலில் வெல்லப்பட வேண்டிய ஒரு பொருளாக முதன்முதலில் உருக்கொள்ளும் இடம் இது எனலாம்.

ஆனால் அஞ்சற்காரர்? அவர்கள் வீட்டில் எத்தனை பேர், இரு வாரமும் எதை உண்டனர், மளிகைக் கடைக்காரர் கடன் தந்தாரா என்பன பேசப்படவில்லை. தம் வாழ்க்கையை எழுதும் அரசியலாளரிடம் இவற்றை எதிர்பார்ப்பது முறையன்று என்று சிலர் கூறலாம். ஏற்கத்தக்கதே. எனினும் 1952ஆம் ஆண்டுப் பகுதியில் ஊழியர்க்கு ஒரு நிழலாவது கிடைக்கிறது. சீருடை அணிந்த, நம் தெருவுக்கு வந்த, நம்மால் அடையாளம் காணக்கூடிய மனிதராக அவர் தோன்றுகிறார். இந்த நிழல் அடுத்த நூலில் மறைந்துவிடுகிறது.

நீங்கினரா, நீக்கப்பட்டனரா

இரண்டாம் நிகழ்ச்சியின் களம் வேறு. 1965 ஆகஸ்டு 9இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. நாட்கூலிப் பொதுப் பணியாளர் சங்கங்களின் கூட்டமைப்பு ஒன்று இயங்கிவந்தது. அதன் தலைவர் கே. சுப்பையா. 1966 அக்டோபரில் அவர் அரசுக்கு இறுதிக் கோரிக்கை விடுத்தார். பூசல் தொழில் நடுவர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 1967 பிப்ரவரி 1ஆம் நாள் துப்புரவுத் தொழிலாளர் ஏறத்தாழ 2,400 பேர் வேலையை நிறுத்தினர். அரசு அதனைச் சட்டவிரோதமென அறிவித்தது. சுப்பையாவும் மேலும் 14 தலைவர்களும் கைது செய்யப்பட்டுக் குற்றஞ்சாட்டப்பட்டனர். சங்கத்தையும் கூட்டமைப்பையும் ஏன் பதிவிலிருந்து நீக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பப்பட்டது. பின்னர் இரண்டும் நீக்கப்பட்டன. அதே வேளையில் சுகாதார அமைச்சு ஓர் அறிவிப்பு விடுத்தது. தொழிலாளர் தம்மைத் தாமே பணியிலிருந்து விலக்கிக்கொண்டனர் என்றும், மீண்டும் வேலை வேண்டுவோர் மறுநாள் விண்ணப்பிக்கலாம் என்றும் அவ்வறிவிப்புக் கூறியது. பத்தில் ஒன்பது பேர் விண்ணப்பித்தனர்.

தமிழாசிரியர்கள் இவ்வறிவிப்பின் இலக்கணத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நம் இலக்கணம் தன்வினை, பிறவினை என்று பகுத்துக் காட்டுகிறது. நீங்கு என்பது தன்வினை. நீக்கு என்பது பிறவினை. தொழிலாளர் பணி நீங்கினர் என்றால் செயலுக்குரியவர் அவர்களே. பணி நீக்கப்பட்டனர் என்றால் நீக்கியவர் ஒருவர் உண்டு. அவர் யார், எந்த அதிகாரத்தால் நீக்கினார் என்ற வினா உடனே எழும். மெல்லெழுத்து ஒன்று வல்லெழுத்தாகத் திரிவதில் பொறுப்பு முழுவதும் இடம் மாறிவிடுகிறது. அமைச்சின் அறிவிப்பு தன்வினையைத் தேர்ந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் வந்த நினைவு நூலும் அத்தன்வினையை மாற்றாமல் அப்படியே பேணுகிறது. ஆவணத்தின் மொழி எழுதுபவரின் மொழியாகவே ஆகிவிட்ட இடம் இது. (வகுப்பில் தன்வினை பிறவினைக்கு 'திருந்தினான், திருத்தினான்' என்ற எடுத்துக்காட்டையே ஆண்டுதோறும் தந்து வருகிறோம். இதையும் ஒருமுறை தந்து பார்க்கலாம்.)

அவ்வாறே பத்தில் ஒன்பது பேர் மறுநாள் விண்ணப்பித்ததைப் பனுவல் அரசின் உறுதிக்குக் கிடைத்த வெற்றியாகக் காட்டுகிறது. நாட்கூலி பெறுபவன் வேலையின்றி எத்தனை நாள் தாங்குவான் என்ற எளிய கணக்கு அங்கில்லை. மாதச் சம்பளம் பெறுவோர்க்கு இல்லாத இடர் இது. மலாயாவில் 1962 இறுதியில் இரயில்வே ஊழியர் வேலைநிறுத்தம் செய்தபோது நாட்கூலி முறையை விட்டு மாதச் சம்பள முறைக்கு மாற்றவேண்டும் என்பதே அவர்தம் முதன்மைக் கோரிக்கையாக இருந்ததையும் இங்கு நினைவிற்கொள்ளலாம்.

தவிர, இத்தொழிலாளர் யாவர்? நகராட்சித் துப்புரவுப் பணிக்கென ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்தவர்களும் அவர்தம் வழியினரும் இவர்களில் மிகுதி, தமிழர் பலர். அனைவரும் குடியுரிமை பெற்றிருக்கவில்லை. 1965இல் வந்த சட்டம் குடியுரிமையற்றோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்று விதித்திருந்தது. அப்படிப்பட்டவனுக்கு வேலை போவது என்றால் கூலி போவது மட்டுமன்று. நாட்டில் தங்கும் நிலையும் ஐயத்துக்குள்ளாகும். மறுநாள் காலையில் அந்த வரிசையில் நின்றவனின் அச்சம் எத்தகையது என்பதை இதனோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

யார் பொதுமக்கள்

இரு நூல்களும் ஒரே முடிவைச் சொல்கின்றன. 1952இல் பொதுமக்கள் ஆதரவு ஊழியர் பக்கம் திரும்பியது. 1967இல் பொதுமக்கள் ஆதரவு அரசின் பக்கம் நின்றது. இரு முறையும் அவ்வாதரவு எழுத்தாளர் நின்ற பக்கமே வந்து சேர்ந்தது. இதனைத் தற்செயல் என்று கொள்வதா, கதைசொல்லியின் இயல்பு என்று கொள்வதா?

அவசரப்பட்டு இதனை இரட்டை வேடம் என்று கூறிவிடுதல் எளிது. அது நியாயமான திறனாய்வு ஆகாது. 1952இல் இருந்தது வாக்குரிமை குறுகிய, குடியேற்ற நாட்டு ஆட்சி. 1967இல் இருந்தது மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு. முன்னதில் ஊழியர்க்குத் தெருவைத் தவிர வேறு வழி அரிது. பின்னதில் 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நடுவர் நீதிமன்றம் இருந்தது, வழக்கும் அங்கே இருந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்த, முதலீட்டை எதிர்நோக்கியிருந்த சிறு தீவின் தலைவர், நகரத்தின் துப்புரவே நின்றுபோவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று கருதியதில் அடிப்படை இல்லாமல் இல்லை. இவ்வாதங்களை லீயே எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் நாம் அவற்றோடு உடன்படவோ மாறுபடவோ செய்திருப்போம்.

குறை அங்கேதான் உள்ளது. இரண்டாம் நூல் முதல் நூலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அஞ்சற்காரர்க்காக வாதாடிய 28 வயது இளைஞரை, 43 வயதுத் தலைமை அமைச்சர் ஒரு பத்தியிலேனும் எதிர்கொண்டிருந்தால் அந்நூலின் மிகச் சிறந்த பகுதியாக அது அமைந்திருக்கும். 'அன்று நான் அவ்வாறு சொன்னேன். இன்று ஏன் இவ்வாறு செய்கிறேன்' என்ற ஒரு வினாவுக்கு அங்கே இடமிருந்தது. அவ்வினா எழுப்பப்படவில்லை.

மேலும் ஆதரவு என்பதை எதைக்கொண்டு அளப்பது? 1952இல் போட்டியிடும் இதழ்கள் இருந்தன; வாசகர் கருத்து ஓரளவேனும் அச்சேறியது. 1967 நிகழ்ச்சிக்குப் பின் வந்த பொதுத்தேர்தல் 1968 ஏப்ரலில் நடந்தது. பாரிசான் சோசலிஸ் கட்சி அதனைப் புறக்கணித்தது. 58 தொகுதிகளில் 51இல் போட்டியே இல்லை. எனவே மக்கள் ஆதரித்தனர் என்பதற்கோ எதிர்த்தனர் என்பதற்கோ வாக்குச்சீட்டைச் சான்றாகக் காட்ட வழியில்லை.

இவ்விடத்தில் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு நிகழ்ச்சியை ஒப்பிடுவது பயன் தரும். அவ்வாண்டு ஜூலையில் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது மாநில அரசு ஏறத்தாழ 1,70,000 பேரைப் பணிநீக்கம் செய்தது. 'இவர்கள் வேலை செய்தால்தானே நிறுத்துவதற்கு' என்ற பாங்கில் ஊழியரை எள்ளியோர் மக்களிடையே அன்று குறைவல்லர். அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்த உரிமை சட்டத்தாலும் அறத்தாலும் இல்லை என்று தீர்ப்புரைத்தது. எல்லாம் அரசின் பக்கமே இருப்பதுபோல் தோன்றியது. 2004 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி தமிழகத்தின் 39 தொகுதிகளில் ஒன்றில்கூட வெல்லவில்லை. தோல்விக்குக் காரணங்கள் பல உண்டு; வேலைநிறுத்தம் ஒன்றே காரணம் என்பார் கூற்று மிகையானது. எனினும் அலுவலகத்தில் கோப்பு நகராததற்காகச் சினந்த அதே குடிமகன், அவ்வலுவலகத்தின் கடைநிலை ஊழியன் வேலையிழந்தபோது மகிழ்ந்தே இருந்தான் என்று முடிவு கட்ட இயலாது என்பதை அத்தேர்தல் உணர்த்தியது. அவன் வீட்டிலேயே ஓர் ஆசிரியை இருந்திருப்பாள். எழுத்தர் ஒருவர் இருந்திருப்பார். பொதுமக்கள் என்போரும் ஊழியர் என்போரும் இரு வேறு ஊர்களில் வாழ்வதில்லை.

துப்புரவுத் தொழிலாளிக்கு இந்தச் சலுகையும் இல்லை. அஞ்சற்காரர் வீட்டு வாசலுக்கு வந்தார். அவர் வரவை எதிர்பார்த்திருந்தனர். அவர் வராதபோது இழப்பு அவரை நினைவூட்டியது. துப்புரவுத் தொழிலாளி ஊர் விழிக்குமுன் வந்துபோனார். அவர் வராதபோது நினைவுக்கு வந்தது அவரன்று, குப்பை. அவருடைய பணி செம்மையாக நடந்தவரையில் அவர் கண்ணுக்குப் புலனாகவில்லை. நின்றபோது அவர் தொல்லையாகப் புலனானார். சாதி இதில் வகித்த பங்கை மறைப்பதிலும் பயனில்லை. துப்புரவுப் பணிக்கு வந்தோரில் ஒடுக்கப்பட்ட சமூகத்தார் பலர். அத்தொழிலாளரைக் குறிக்க நம் பேச்சுவழக்கில் இருந்த சொற்களை இவ்விதழில் அச்சிட நாம் கூசுவோம். ஆங்கில நூல் அவர்களை எண்ணிக்கையாக்கியது என்று குறை கூறும் முன், தமிழ் அவர்களை என்னவென்று அழைத்தது என்பதையும் கேட்டுக்கொள்வது நன்று. தோட்டத் தொழிலாளி நம் புனைகதையில் பெற்ற இடத்தில் ஒரு சிறு பங்கும் நகரத் துப்புரவுத் தொழிலாளிக்குக் கிட்டவில்லை.

பெயரின் அரசியல்

மலேசியாவில் அண்மையில் நிகழ்ந்த ஒன்றைச் சுருக்கமாகக் குறிப்பிட்டாக வேண்டும். 2021 ஜூலை 26ஆம் நாள், கோவிட் பெருந்தொற்று உச்சத்தில் இருந்தபோது, அரசு மருத்துவமனைகளின் ஒப்பந்த மருத்துவர்கள் காலை 11 மணிக்கு வெளிநடப்புச் செய்தனர். கருப்பு உடை அணிந்து, நோயாளிகளைக் கவனிக்கச் சக மருத்துவரை நிறுத்திவிட்டுச் சிறிது நேரமே வெளியில் நின்றனர். 2016 இறுதியில் புகுத்தப்பட்ட ஒப்பந்த முறை தமக்கு நிலையான பணியையும் மேற்படிப்பு வாய்ப்பையும் மறுக்கிறது என்பது அவர்தம் முறையீடு. மக்கள் அவர்களைப் பெரிதும் பரிவோடு நோக்கினர்.

அவர்கள் தம் போராட்டத்துக்கு இட்ட பெயர் 'ஹர்த்தால்'. வேலைநிறுத்தத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல் 'மோகோக்' கையில் இருந்தும் அதனைத் தவிர்த்தனர். ஹர்த்தால் குஜராத்தி வழியே இந்திய விடுதலைப் போராட்டத்தில் புழங்கி, 1947 அக்டோபர் 20இல் நடந்த அகில மலாயா ஹர்த்தாலின் வாயிலாக இம்மண்ணின் அரசியல் நினைவில் பதிந்த சொல். அதில் நாட்டுப்பற்றின் மணம் உண்டு. சங்கப் பூசலின் நெடி இல்லை. 2023 ஏப்ரலில் மருத்துவர்களுக்கு மீண்டும் ஓர் அழைப்பு எழுந்தது. இம்முறை 'மோகோக்' என்ற பெயரே சூட்டப்பட்டது. அதற்குப் பெரிய எழுச்சி ஏற்படவில்லை. பெயரே காரணம் என்பது என் வாதமன்று. பெருந்தொற்றுக் காலத்து உணர்வு தணிந்திருந்ததும் உண்மை. ஆயினும் மக்கள் ஒரு போராட்டத்தைப் பார்ப்பதற்குமுன் அதன் பெயரைக் கேட்கின்றனர் என்பதை மொழித்துறையினர் கருத்தில் கொள்ள வேண்டும்.

மருத்துவர் தம் பெயரைத் தாமே தேர்ந்துகொள்ளும் கல்வியும் ஊடகமும் உடையவர். 1967ஆம் ஆண்டுத் தொழிலாளர்க்குப் பெயரிட்டவை நீதிமன்றமும் அமைச்சும். அவர்கள் செய்தது 'சட்டவிரோத வேலைநிறுத்தம்' என்றே ஏட்டில் நிலைத்தது. அவர்கள் தமக்குள் அதை என்னவென்று குறிப்பிட்டனர்? அன்று இருபது வயதாக இருந்தவர்க்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. சிராங்கூன் சாலையிலோ, வேலைக்குப் பின் ஊர் திரும்பியிருந்தால் தஞ்சை, திருச்சி மாவட்டச் சிற்றூர் ஒன்றிலோ அவர்களில் சிலர் இன்னும் இருக்கக்கூடும். சிங்கப்பூரில் 1979 முதல் வாய்மொழி வரலாற்று நடுவம் இயங்கி வருகிறது. இந்தியவியல் துறைகளில் இளங்கலை இறுதியாண்டு மாணவர்க்கு ஆய்வுத் தலைப்பு வழங்கும்போது தலைவர்களின் சொற்பொழிவுகளே மீண்டும் மீண்டும் வழங்கப்படுகின்றன. 1967 பிப்ரவரி 2ஆம் நாள் காலை விண்ணப்பத் தாளுடன் வரிசையில் நின்றவர் ஒருவரின் அரைமணி நேரப் பேச்சை ஒலிப்பதிவு செய்து, அதில் அவர் நீங்கு, நீக்கு என்னும் இரு வினைகளில் எதை ஆள்கிறார் என்று குறித்துவருவது ஒரு பருவத்திற்குள் முடிக்கத்தக்க பணியே.